விங் சுன் கற்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

விங் சுன் தெற்குச் சீனத்தில் வளர்ந்து ஹாங்காங் வழியாக உலகம் முழுக்கப் பரவிய ஒரு குங்ஃபூ பாணி. நான் இதில் ஆசிரியர் கிடையாது, வகுப்பில் கொஞ்சம் மூத்த மாணவன், அவ்வளவுதான். ஆசிரியரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியெல்லாம் அதனாலேயே என்னிடம் வந்து சேரும். புதிதாகச் சேருகிறவர்கள், பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், ஆறு மாதத்தில் சலித்துப்போகிறவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி இதையேதான் கேட்கிறார்கள். சண்டையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, ஒழுக்கம், கோபம், மன உறுதி பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

"குங்ஃபூ தெரியும், அதென்ன விங் சுன்? புரூஸ் லீ பண்ணாரே, அதுவா?"

புரூஸ் லீ 1950களில் ஹாங்காங்கில் இப் மேனிடம் கற்றது இதுதான். 1959இல் அமெரிக்கா போன பிறகு அவர் தனக்கென்று வேறு வழி போட்டுக்கொண்டார். இப் மேன் 1893இல் குவாங்டாங் மாகாணத்து ஃபோஷானில் வசதியான வீட்டில் பிறந்தவர். சீனாவில் ஆட்சி மாறிய சமயத்தில் ஹாங்காங் வந்து, 1950இல் உணவகத் தொழிலாளர் சங்கத்தின் இடத்தில் பிழைப்புக்காகச் சொல்லித்தர ஆரம்பித்தார். இன்று உலகில் இருக்கும் விங் சுன் வகுப்புகளில் பெரும்பாலானவை அந்த ஒருவர் வழியாக வந்தவை.

பாடத்திட்டம் சின்னது. ஆளில்லாமல் தனியாகச் செய்யும் மூன்று கை வரிசைகள் (சியு நிம் டாவ், சம் கியூ, பியூ ஜீ), ஒரு மரப் பொம்மை, ஒரு நீளக் கம்பு, இரட்டைக் கத்தி. துள்ளிக் குதித்து உதைப்பதெல்லாம் இதில் கிடையாது, எதிராளிக்கு ரொம்பப் பக்கத்தில் நின்று நேர்க்கோட்டில் குத்துவார்கள். ஷாவோலின் கோயிலைச் சேர்ந்த இங் முய் என்ற பெண் துறவி இதை உருவாக்கி யிம் விங் சுன் என்ற பெண்ணுக்குக் கற்றுத்தந்தார் என்பது பரம்பரைக் கதை. கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் ஃபோஷானில் வைத்தியம் பார்த்த லியுங் ஜான் காலத்தில்தான் வரலாறு கொஞ்சம் கைக்கு அகப்படுகிறது.

"முதல் மாசம் பூரா நிக்கத்தான் வைப்பாங்களாமே? அடி எப்ப சொல்லித் தருவாங்க?"

முதல் நாளே ஒரு குத்து சொல்லித் தந்துவிடுவார்கள், பயப்படாதீர்கள். ஆனால் நிற்பது நிறைய உண்டு. ஹுங் கார் போன்ற வேறு தெற்குப் பாணிகளில் தொடை கிட்டத்தட்ட தரைக்கு இணையாக வரும்வரை இறங்கி, குதிரைமேல் உட்கார்ந்த நிலையில் நிற்பார்கள். விங் சுன்னில் அவ்வளவு தாழ வேண்டாம். கால்விரல்கள் கொஞ்சம் உள்பக்கம் திரும்பி, முழங்கால் லேசாக மடங்கி, முதுகு நேராக, இரண்டு கை முட்டியும் மார்போரம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் பார்க்க ஒன்றுமே இருக்காது.

மூன்று நான்கு நிமிடம் போனதும் தொடையில் சூடு ஏறும், கூடவே மனசும் தன் வேலையை ஆரம்பிக்கும். சட்டையை இழுத்துவிடத் தோன்றும், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றும், பக்கத்தில் நிற்பவன் என்னைவிட உயரமாக நிற்கிறானே, ஏமாற்றுகிறானோ என்று தோன்றும். தோன்றினால் தோன்றட்டும் என்று விட்டுவிட்டு நிற்கப் பழகுவதுதான் முதல் பாடம். யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை, யாரும் கைதட்டப்போவதுமில்லை. இந்தக் கலையில் ஒழுக்கம் என்று சொல்கிறார்களே, அதில் பாதி இந்த நிலையில் கற்பதுதான் என்பது என் கட்சி. மீதியைக் கீழே கோபம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"அதே சியு நிம் டாவை தினமும் பண்ணி என்னங்க கிடைக்கும்? எனக்கு ரெண்டே வாரத்துல மனப்பாடம் ஆயிடுச்சு."

வரிசை மனப்பாடம் ஆகிவிடும், அதில் கஷ்டமே இல்லை, மொத்தமும் சில நிமிட வேலைதான். முதல் பகுதியில் ஃபூக் சாவ் என்று ஒரு அசைவு வரும். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி, முழங்கையை உடம்பின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கையை மெதுவாக, மிக மெதுவாக முன்னால் தள்ள வேண்டும். போய்த் திரும்பி, மறுபடி, மொத்தம் மூன்று முறை. புதியவர்களின் முழங்கை பாதி வழியில் வெளியே நழுவும். அதைத் தடுக்கப் பார்த்தால் தோள் மேலே ஏறும். தோளை இறக்கினால் மூச்சு நின்றிருக்கும், மூச்சைக் கவனித்தால் இடது கை முட்டி மார்பிலிருந்து விலகித் தொங்கிக்கொண்டிருக்கும். இத்தனையும் ஒரே அசைவில்.

மனப்பாடம் ஆன பிறகுதான் இதெல்லாம் கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும். இப் மேன் 1972 டிசம்பரில் தன் 79ஆவது வயதில் இறந்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால் நோயோடு இருந்தபோது அவர் செய்து காட்டியதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், அதில் சியு நிம் டாவும் இருக்கிறது. உடம்பு இளைத்திருக்கிறது, முழங்கை இடம் மாறவில்லை. இரண்டு வாரத்தில் முடித்துவிட்டோம் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை பாருங்கள்.

"வீட்டுல எவ்வளவு நேரம் பண்ணணும்?"

தினமும் பதினைந்து இருபது நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் செய்வதைவிட அது மேல். ஃபோனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். ஒரே இடம், ஒரே நேரம் என்றால் சுலபம். குரு வாசல் வரைக்கும் கூட்டிவருவார், உள்ளே நடப்பது அவரவர் பாடு என்று சீனர்கள் சொல்வார்கள். யார் வீட்டில் செய்கிறார், யார் செய்யவில்லை என்பது அடுத்த வகுப்பில் முழங்கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பொய் சொல்லிப் பயனில்லை.

"வயசு 48, முழங்கால் வலி வேற. இப்ப ஆரம்பிக்கலாமா?"

தாராளமாக. ஆனால் முழங்கால் வலியை முதல் நாளே சொல்லுங்கள். கால்விரல்களை உள்ளே திருப்பி நிற்கும்போது முழங்காலும் ஒன்றையொன்று தொடும்படி சரிந்தால் மூட்டுக்குக் கெடுதல், கோணத்தைக் குறைத்து நிற்கலாம். வலியைப் பொறுப்பதுதான் ஒழுக்கம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தொடைத் தசை எரிந்தால் பொறுக்கலாம், மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் உடனே நிறுத்த வேண்டும்.

அறுபது தாண்டியவர்கள், சமநிலை குறைந்தவர்கள், மெதுவாக அசைந்து செய்யும் சீனக் கலையான தாய்சியைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு நல்ல மருத்துவ ஆதாரம் இருக்கிறது. பார்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து நடத்தி 2012இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் இருமுறை 24 வாரம் தாய்சி செய்தவர்களின் சமநிலை மேம்பட்டது, வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட அவர்கள் கீழே விழுவதும் குறைந்தது.

"பையன் சொன்ன பேச்சு கேக்கறதே இல்ல. இதுல சேத்தா ஒழுக்கம் வந்துடுமா?"

இதுதான் அதிகம் வரும் கேள்வி, கேட்பவர்களில் அம்மாக்கள்தான் அதிகம். முதலில் ஒன்று: சொன்ன பேச்சைக் கேட்பதும் ஒழுக்கமும் வேறு வேறு. வகுப்பில் இருபது நிமிடம் ஆடாமல் அசையாமல் நிற்கும் பையன், வீட்டுக்குப் போனதும் பையைத் தூக்கி சோபாவில் எறிவான். ஏனென்றால் வகுப்பில் விதி எல்லாருக்கும் ஒன்று, ஆசிரியரும் அதே நிலையில் நிற்கிறார், சீனியர் அண்ணனும் நிற்கிறான். வீட்டில் அப்பா டிவி பார்த்துக்கொண்டே "போய்ப் படி" என்கிறார்.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அமெரிக்காவில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளை வைத்து நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று மாதம் தற்காப்புக் கலை கற்றவர்கள், வழக்கமான உடற்பயிற்சி வகுப்பில் இருந்தவர்களைவிட சுயக்கட்டுப்பாட்டில் அதிகம் முன்னேறினார்கள். அது டேக்வாண்டோ, சீனக் கலை இல்லை. ஆனால் பழைய முறைப்படி, மரியாதையும் தன்னைக் கவனிப்பதும் சேர்த்துச் சொல்லித்தந்த வகுப்பு. அதனால் கலையின் பெயரைவிட நடத்தும் விதத்தைப் பார்க்கச் சொல்வேன்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள்: "இரு, மாஸ்டர்கிட்ட சொல்றேன்" என்று மிரட்டாதீர்கள், வகுப்பு அவனுக்குத் தண்டனைக் கூடமாகிவிடும். மார்க் குறைந்தால் வகுப்பை நிறுத்துவதும் வேண்டாம். வாரம் ஒருமுறை "இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட, எனக்குக் காட்டு" என்று கேட்டு, அவன் சொல்கிறபடி நீங்கள் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பெரும்பாலும் உங்களுக்குத்தான் முதலில் கால் நடுங்கும், அவனுக்கு அது பெரிய சந்தோஷம்.

"எனக்கு கோபம் ரொம்ப வரும். குறையுமா?"

குறையும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வருவது சீக்கிரம் தெரியும். காரணம் சீ சாவ் என்ற பயிற்சி. இருவர் எதிரெதிரே நின்று முன்கைகளை ஒட்டவைத்து உருட்டிக்கொண்டே இருப்பார்கள், இடைவெளி கிடைத்தால் லேசாக ஒரு தட்டு. இதற்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: வருவதைத் தங்க வை, போவதை வழியனுப்பு, கை விடுபட்டால் நேராகப் பாய்.

இப்போது என்ன நடக்கும் பாருங்கள். எதிரே இருப்பவர் உங்கள் மார்பில் ஒரு தட்டு தட்டுவார், வலியே இருக்காது. ஆனால் அடுத்த சுற்றில் உங்கள் கை முரடாகிவிடும், முழங்கை வெளியே வரும், அவர் கையை அழுத்த ஆரம்பிப்பீர்கள். அவருக்கு அது தோலிலேயே தெரியும். கையைச் சற்று ஒதுக்குவார், உங்கள் அழுத்தம் காற்றில் போகும், மறுபடி அதே இடத்தில் தட்டு. வெளியில் கோபத்துக்கு விலை கொடுக்க நாளாகும், மறுநாள் மன்னிப்புக் கேட்பது, வேலை போவது என்று. இங்கே அரை விநாடியில் கொடுத்துவிடுகிறீர்கள். இப்படியே ஆயிரம் தடவை தட்டு வாங்கினால் தோள் ஏறும்போதே உறைக்கும். வீட்டு வாக்குவாதத்தில் எனக்கு முதலில் தெரிவது இன்றைக்கும் வலது தோள்தான், அதற்குப் பிறகும் சில சமயம் கத்திவிடுகிறேன் என்பது வேறு விஷயம்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சீ சாவில் ஜெயிப்பதையே குறியாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் புதியவர்களைத் தட்டிக்கொண்டே இருக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கோபம் குறையாது, கூடவே கர்வமும் சேரும்.

"மாஸ்டரை எப்படிக் கூப்பிடணும்? கால்ல விழணுமா?"

ஆசிரியர் சிஃபூ. உங்களுக்கு முன் சேர்ந்த ஆண் சிஹிங், பெண் சிஜே. பின்னால் சேர்ந்தவர்கள் சிடாய், சிமுய். சிஃபூவின் ஆசிரியர் சிகுங். அண்ணன் தம்பி அக்கா தங்கை தாத்தா, நமக்குப் பழகிய ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், கணக்கு வயதை வைத்து இல்லை, சேர்ந்த தேதியை வைத்து. ஐம்பது வயது வங்கி மேலாளர் இருபது வயதுப் பையனை சிஹிங் என்று கூப்பிட வேண்டும். சிலருக்கு மேலே சொன்ன நிற்கும் பயிற்சியைவிட இது கஷ்டமாக இருக்கிறது, பார்த்திருக்கிறேன்.

காலில் விழ வேண்டாம், வலது கை முட்டியை இடது உள்ளங்கையில் வைத்து வணக்கம் சொன்னால் போதும். மண்டியிட்டுத் தேநீர் கொடுக்கும் சடங்கு ஒன்று உண்டு, அது பல வருடம் கழித்து ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்ட பிறகு நடப்பது. சேர்ந்த வாரமே அதற்குத் தனி ஃபீஸ் கேட்டால் யோசியுங்கள்.

"பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருஷம்?"

மரபில் பெல்ட் கிடையாது, அது ஜப்பானிய ஜூடோவில் தொடங்கிய வழக்கம். சீனாவிலேயே தரவரிசை முறை அரசுத் தரப்பில் 1998இல்தான் வந்தது. சில விங் சுன் அமைப்புகள் இப்போது கலர் துணி கட்டுகின்றன, குழந்தைகளுக்கு உற்சாகம் என்றால் சரி. புரூஸ் லீயே இப் மேனின் முழுப் பாடத்தையும் முடிக்காமல்தான் கப்பல் ஏறினார்.

"இதெல்லாம் நம்ம போதிதர்மர் கத்துக்கொடுத்ததுதானே? காஞ்சிபுரத்துக்காரர்!"

2011இல் ஒரு தமிழ்ப் படம் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி நிற்கவே இல்லை. போதிதர்மர் சீனாவில் தியான மரபின் மூத்த குருவாகப் போற்றப்படுகிறவர். தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. அதைப் போலவே பழைய இன்னொரு நூல், 547ஆம் ஆண்டு வாக்கில் எழுதியது, அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. காஞ்சிபுரம் பிற்கால மரபு.

அவர் சண்டை கற்றுத்தந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவர் பெயரில் வழங்கும் 'தசை மாற்றும் நூல்' 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதாவது அவருக்கு ஆயிரம் வருடம் பின்னால் வந்தது. இதைச் சீன ஆய்வாளர் தாங் ஹாவ் 1930லேயே எழுதிவிட்டார். நமக்குப் பெருமை வேண்டும் என்றால் வேறு இருக்கிறது: ஷாவோலின் கோயிலே 495இல் பாத்துவோ என்ற இந்தியத் துறவிக்காகக் கட்டியது. விங் சுன்னுக்கும் ஷாவோலினுக்குமான தொடர்போ முதல் பதிலில் சொன்ன இங் முய் கதையை நம்பித்தான் நிற்கிறது.

"சேர்ந்தா பிரம்மச்சரியம், சைவம்னு ஏதாவது கட்டுப்பாடு இருக்கா?"

சைவம் கிடையாது, நிம்மதியாகப் பிரியாணி சாப்பிடலாம். விங் சுன்னுக்கு ஒன்பது வரி நன்னெறி ஒன்று உண்டு, இப் மேன் மரபில் வரும் பல வகுப்புகளில் சுவரில் மாட்டியிருப்பார்கள். முதல் வரியே கட்டுப்பாட்டோடு இரு, வீரனுக்குரிய நல்லொழுக்கத்தை உயர்த்திப் பிடி என்கிறது. பெற்றோரை மதி, ஆசைகளை அளவோடு வை, பயிற்சியை விடாதே, வீண் சண்டை போடாதே, நடத்தையில் மென்மை வேண்டும், எளியவருக்கு உதவு என்று போகும். ஆசையில் அளவு என்றால் துறவு என்று அர்த்தமில்லை, இப் மேனே பிள்ளைகுட்டிக்காரர்.

அந்த வரிகளைப் பார்த்து அவர்கள் எல்லாரும் முனிவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வீண் சண்டை கூடாது என்ற அதே மரபின் இளைஞர்கள்தான் 1950களின் ஹாங்காங்கில் மொட்டைமாடிகளில் பிற பாணிக்காரர்களோடு சவால் சண்டை போட்டார்கள். அதில் பெயர் எடுத்த வோங் ஷுன் லியுங்தான் பிறகு மதிப்புக்குரிய ஆசிரியரானார். சுவரில் மாட்டிய வரியும் மாடியில் நடந்ததும் ஒத்துப்போகவில்லை. மாட்டியதில் தப்பில்லை, அதைப் படித்ததாலேயே யாரும் மாறிவிடவில்லை.

"நிஜமா சண்டை வந்தா இது உதவுமா? யூடியூப்ல ஒருத்தர் எல்லா மாஸ்டரையும் போட்டு அடிக்கிறாரே?"

ஷூ ஷியாவ்தோங்கைச் சொல்கிறீர்கள். கலப்புச் சண்டை (எம்எம்ஏ) வீரர். 2017இல் செங்டூவில் வெய் லெய் என்ற தாய்சிக்காரரை அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார், அடுத்த வருடம் ஒரு விங் சுன் ஆசிரியரைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளினார். சீனாவில் பலருக்கு அவர்மேல் கோபம், எனக்கு இல்லை. தன்னை அடிக்க வருகிறவனோடு ஒருநாளும் பயிற்சி செய்யாதவர், அடிக்க வருகிறவன் முன் நின்றால் அப்படித்தான் ஆகும். எந்தப் பாணியானாலும் அதுதான்.

உங்கள் வகுப்பில் கையுறை போட்டு, எதிர்க்கும் ஆளோடு ஸ்பாரிங் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் உதவும். இல்லை என்றால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவே போதுமான காரணம்தான். தெருவில் யாராவது கத்தியைக் காட்டினால் பர்ஸைக் கொடுத்துவிட்டு ஓடுங்கள்.

"மாஸ்டர் பசங்களை அடிக்கிறார், வேற வகுப்பு பக்கம் போகக் கூடாதுங்கறார். அதுவும் டிசிப்ளின்தானே?"

இல்லை. 'அடியாத மாடு படியாது' என்று பெற்றோரே வந்து அனுமதி கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்தியே சொல்கிறேன். நிற்கும் நிலை தப்பினால் கையால் தொட்டுத் திருத்துவது பயிற்சி. கம்பால் காலில் அடிப்பது பயிற்சி இல்லை, குழந்தைக்கு அதனால் முழங்கை உள்ளே வராது, பயம்தான் உள்ளே போகும்.

ரகசியம் என்ற பேரிலும் நிறைய நடக்கும். மூன்றாவது வரிசையான பியூ ஜீயை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்ற பழைய வழக்கம் இருந்தது உண்மை. இன்று அது இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, அதற்குத் தனியாகப் பெரிய தொகை கேட்பவரிடம் ரகசியம் எதுவும் இருக்காது. கேள்வி கேட்டால் முகம் சுளிப்பது, விலகிப் போனவர்களைத் துரோகி என்பது, சொந்த வேலைக்கு மாணவர்களை ஓட வைப்பது, இதில் ஒன்று பார்த்தால் கவனியுங்கள், இரண்டு பார்த்தால் கிளம்புங்கள். கிளம்பும்போது கற்றதை யாரும் பிடுங்கி வைத்துக்கொள்ள முடியாது.

"ரெண்டு வருஷமா அதே இடத்துலதான் நிக்கிறேன். விட்டுடலாமா?"

வகுப்புக்கு வருவது மட்டுமா, வீட்டிலும் செய்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், பாதிப்பேருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். செய்தும் தேக்கம் என்றால், எப்போதும் ஒரே ஆளோடு சீ சாவ் செய்கிறீர்களா என்று பாருங்கள். பழகிய கைக்குப் பழகிய பதில், புதிதாக ஒன்றும் வராது. உங்களைவிட உயரமானவர், பலமானவர், முந்தாநாள் சேர்ந்தவர் என்று ஆள் மாற்றுங்கள். புதியவரின் கை தாறுமாறாக வரும், அதில்தான் உங்கள் ஓட்டை தெரியும்.

இதையும் செய்து பார்த்து, வகுப்பு நாள் வந்தாலே பாரமாக இருக்கிறது என்றால் விடுங்கள். நீச்சல் போங்கள், சிலம்பம் போங்கள். விடாப்பிடியாக இருப்பது நல்லதுதான், அதற்காகப் பிடிக்காத ஒன்றைக் காலமெல்லாம் சுமக்க வேண்டும் என்று எந்த ஒன்பது வரியிலும் இல்லை.

"விட்டு நாலு வருஷம் ஆச்சு. வெக்கமா இருக்கு, திரும்ப வரலாமா?"

வாருங்கள். சியு நிம் டாவ் கைக்கு ஒரு வாரத்தில் ஞாபகம் வந்துவிடும், கால்தான் அழும். உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இப்போது உங்களைச் சுலபமாகத் தட்டுவார்கள், தட்டிவிட்டு சிஹிங் என்றும் கூப்பிடுவார்கள், ஏனென்றால் சேர்ந்த தேதி மாறாது. வரும்போது தளர்வான பேன்ட், அடிப்பாகம் மெல்லிய ஷூ, ஒரு தண்ணீர் பாட்டில். பழைய சீருடை இடுப்பில் ஏறுமா என்று வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.